சிவ்ரி, இரண்டு மணி வற்றம்

மருமகள் எழுதித் தந்த காகிதத்தில் ஏழு வரி.
தொப்பியைக் கழற்றக் கூடாது.
ஐஸ் கோலா கூடாது.
வெளித் தண்ணீர் கூடவே கூடாது.
மீதி நாலும் அவசர மராட்டி.
கண்ணாடி கொண்டு வரவில்லை என்று
ரயிலில் சொல்லிக்கொண்டேன்.

முப்பத்து மூன்று வருடம்
ஹார்பர் லைனில் தொங்கியபடி
இந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போனவன்,
இறங்கியது இன்றுதான்.
பூநாரை பார்க்க.
நாலு வயது ஓவி
பஸ் நிறுத்த விளம்பரத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு
ஒரு வாரமாக ஒற்றைக்காலில் சாப்பிடுகிறாள்.

எண்ணெய்த் தொட்டிகளும் லாரிகளும் கடந்து
படகுத்துறைக்குப் போனால்
சுவரில் அறைந்துகொண்டிருந்தது கடல்.
ஓர் இறகு இல்லை.
தண்ணீர் ஏறி நிற்கிறது,
சேறு தெரிந்தால்தான் வரும்,
ரெண்டு மணி ஆகும் என்றான் டீக்காரன்.
அப்போது பத்தேகால்.
வேலம்மா என்னைப் பார்த்த பார்வையை
நாற்பத்தொரு வருடமாக அறிவேன்.
அதற்கு வசனம் கிடையாது.

ஓவிக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை.
ஒற்றைக் காது நாய் ஒன்றுக்கு
தாத்தா என்று பெயர் வைத்தாள்.
அதற்கப்புறம் தாத்தா என்று கூப்பிட்டபோதெல்லாம்
இரண்டு பேர் திரும்பினோம்,
நாய் சற்று முந்தி.
மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பதினொன்றில்
நாலு அதற்குப் போனது.
துருப்பிடித்த படகை எண்ணினாள்:
ஏக், தோன், மூணு, பாஞ்ச்.
வேலம்மா அவளை லாரி மறைவில் உட்காரவைக்க
நான் குடையை விரித்துத் திரையாக நின்றேன்.
டிரைவர் பீடியோடு
மரியாதையாய் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

பன்னிரண்டரைக்குக் காகிதத்தின் இரண்டாம் வரி
ஆரஞ்சு நிறத்தில் கரைந்து
அவள் முழங்கை வரை ஒழுகியது.
வேலம்மாவுக்கும் ஒன்று வாங்கினேன்.
வேண்டாம் வேண்டாம் என்று
குச்சி வரை உறிஞ்சினாள்.

ஒன்றரைக்குக் காற்று திரும்பிற்று.
குழந்தை பாட்டி மடியில் சாய்ந்தாள்.
கடல் பின்வாங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை,
ஒரு டயர் தெரிந்தது,
அப்புறம் ஒரு செருப்பு,
அப்புறம் மினுமினுவென்று சேறு.

வந்தன.
முதலில் வெறும் வெள்ளைக் கோடு,
இதற்கா என்று தோன்றியது.
மொத்தமாய் ஒருமுறை திரும்பியபோது
இறக்கைக்கு உள்ளே சிவப்பு,
கோட்டின் உள்துணிக்கு மட்டும்
பட்டு வைத்துத் தைத்ததைப் போல.
எழுப்புங்க எழுப்புங்க என்றாள்.
தோளைத் தொட்டேன்.
ஓவி என் கையைத் தட்டிவிட்டு
இன்னும் உள்ளே புதைந்தாள்.
வேலம்மா மெதுவாக, மராட்டியில்,
அவள் காதில் ஏதோ சொல்லிப் பார்த்தாள்.
குறட்டை.

ஆகவே நாங்கள் இரண்டு பேர் பார்த்தோம்.
ஆயிரம் இருக்கும், மேலும் இருக்கும்,
தலைகீழாய் அலகு வைத்துச் சேற்றில் அளைந்தன.
"இவ்வளவும் இங்கனதான் இருந்துச்சா" என்றாள்.
கால் மரத்துப் போயிருக்க வேண்டும்,
அசையவில்லை.
கடைசியாக எப்போது
பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்று யோசித்தேன்.
ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது.
நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் ஓவி விழித்தாள்.
வந்துச்சா?
வேலம்மா ஜன்னலைப் பார்த்தாள்.
நான் போனை எடுத்து
என் ஒரே புகைப்படத்தைக் காட்டினேன்.
மேலே நாலைந்து புள்ளி.
கீழ்ப்பாதி முழுக்க
லென்சை மறைத்த என் பெருவிரல்,
வெயில் ஊடுருவி இளஞ்சிவப்பாய்.
ஓவி வாயைப் பிளந்தாள்.
"எவ்ளோ பெருசு!"
அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டாள்.
இடது பக்கம் என்றாள் வேலம்மா,
ஒரு நொடி கூட யோசிக்காமல்.

வடாலா தாண்டியதும்
மருமகளிடமிருந்து செய்தி:
தொப்பி எங்கே?

மூவரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்தோம்.